வெடிக்காத குண்டு விட்டுச்செல்லும் தூசு

நேயர்களுக்கு வணக்கம். செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம் என்றதும் அணுகுண்டின் சிறிய வடிவம் ஒன்றைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. செறிவூட்டும் ஆலையில், அணு எரிபொருளுக்கு வேண்டிய யுரேனியம்-235 பெருமளவு பிரித்தெடுக்கப்பட்ட பின் மிஞ்சும் உலோகமே இது. இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் இதில் உண்டு. டாங்கிகளைத் துளைக்கும் குண்டுகளுக்குப் படைகள் இதை விரும்பியது கதிரியக்கத்துக்காக அல்ல, எடைக்காக. ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியான இந்த உலோகக் கம்பி, டாங்கியின் கவசத்தில் மோதும்போது மழுங்காமல், தன் முனையைத் தானே கூராக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது. குண்டுக்குள் வெடிமருந்து எதுவும் தேவையில்லை.

ஆபத்து தொடங்குவதும் அந்தக் கணத்தில்தான். மோதிய வேகத்தில் உலோகத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்து, நுண்ணிய யுரேனிய ஆக்சைடு தூசாகிறது. துளைபட்ட டாங்கிக்குள் கரும்படலமாகப் படிந்திருக்கும் அந்தத் தூசை, பழைய இரும்புக்காக டாங்கியை உடைக்க வருபவரும் விளையாட ஏறும் சிறுவனும் தம்மையறியாமல் கிளப்பி மூச்சோடு இழுத்துவிடுவார்கள். வெளியே இருக்கும்வரை இதிலிருந்து கதிர்வீச்சாக வெளிவரும் ஆல்ஃபா துகள்களைத் தோலே தடுத்துவிடும். நுரையீரலுக்குள் போய்விட்டாலோ, எளிதில் கரையாத ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி, சுற்றியுள்ள திசுக்களைக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கிப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடும். கரையும் பகுதி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. யுரேனியம், ஈயத்தைப் போலவே நச்சுத்தன்மையுள்ள கன உலோகம். கதிரியக்கத்தைப் பற்றியே பேசிப் பேசி இந்த நஞ்சை மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

1991 வளைகுடாப் போரில் இந்த யுரேனியம் சுமார் 300 டன் செலவிடப்பட்டது. அப்போது தம் தரப்புக் குண்டாலேயே தவறுதலாகத் தாக்கப்பட்டு, உடலில் துணுக்குகள் தங்கிவிட்ட அமெரிக்க வீரர்களின் சிறுநீரில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் யுரேனியம் மிகுந்தே காணப்பட்டது. அவர்களிடம் பெரிய சிறுநீரகக் கோளாறு தென்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். மருத்துவர்களின் தொடர்ந்த கண்காணிப்பில் இருந்தவர்கள். சிதைந்த டாங்கிகளின் அருகிலேயே வாழ்ந்த தென் ஈராக்கின் மக்களுக்கு அத்தகைய கண்காணிப்பு வாய்க்கவில்லை. அளக்காமலே இருந்துவிட்டு, பாதிப்புக்குச் சான்றில்லை என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இலக்கைத் தவறவிட்ட குண்டுகளின் கதை வேறு. 1999-இல் கொசோவோவில் விமானங்களிலிருந்து சுமார் 30,000 குண்டுகள் சுடப்பட்டன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள, விரல் நீளக் கம்பி ஒன்று. மென்மையான மண்ணில் விழுந்தவை எரியாமல் ஆழப் புதைந்துவிடும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆய்வாளர்கள், கொசோவோவுக்கு முன்பே இத்தகைய குண்டுகள் விழுந்த போஸ்னியாவில், அங்கே சண்டை முடிந்து 7 ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுத்த கம்பிகள் தம் எடையில் கால்பங்கு வரை அரித்துப்போயிருந்தன; ஓரிடத்தில் குடிநீரிலும் இந்த யுரேனியத்தின் தடம் இருந்தது. அளவு குறைவே. எனினும் அரிப்பு நிற்பதில்லை. இந்த உலோகத்தின் பெரும்பகுதியான யுரேனியம்-238 பாதியாகக் குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகும்.

இந்த ஆயுதங்களை எங்கே பயன்படுத்தினீர்கள் என்ற விவரத்தை, பாதிக்கப்பட்ட நாடு கேட்டால் கொடுங்கள் என்று ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் கேட்கிறது. 2012-இல் அதை 155 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய நான்கும் எதிர்த்து வாக்களித்தன. கேட்கப்பட்டது ஒரு வரைபடம். அது கையில் இல்லாதவரை, கிணறு வெட்டப் போகிறவர் எந்த மண்ணைத் தவிர்ப்பது என்று தெரியாமலே மண்வெட்டியை எடுக்கிறார்.