செய்முறை மேசையில் மட்டம் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி இயற்பியல் செய்முறையில் மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிற ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கருவி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அது.

"அளவுகோல் கிடைமட்டமாக இருப்பதை எப்படிச் சரிபார்த்தாய்?" என்று கேட்டால், "பார்த்தாலே தெரிந்தது" என்று பதில் வரும். அது போதாது. இரண்டு முனைகளும் மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்த்தேன் என்றால், அது நல்ல பதில். ஆனால் மேசையே சரிந்திருந்தால்? உயரம் இரண்டும் சமமாக வரும், அளவுகோலும் மேசையோடு சேர்ந்து சரிந்தே நிற்கும். அதனால் முதலில் மேசைமேல் ரசமட்டத்தை, அதாவது திரவத்துக்குள் குமிழி நகர்ந்து மட்டம் காட்டும் கருவியை, வைத்துப் பாருங்கள்.

ரசமட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு முறையும் குமிழி சன்னல் பக்கமே போனால், சன்னல் பக்கம் மேசை உயர்ந்திருக்கிறது. முதலில் சன்னல் பக்கம், திருப்பியதும் சுவர்ப் பக்கம் என்று மாறினால் கோளாறு ரசமட்டத்தில்தான்.

ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைமானியில், முப்பட்டகக் கண்ணாடியை வைக்கும் மேடைக்கு மூன்று திருகுகள் உண்டு. மூன்றையும் மாறிமாறித் திருகிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். இரண்டு திருகுகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக ரசமட்டத்தை வைத்து, அந்த இரண்டை மட்டும் எதிரெதிராகத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து, மூன்றாவது திருகை மட்டும் தொடுங்கள். மறுபடி ஒருமுறை முதல் நிலையைச் சரிபார்த்தால் முடிந்தது.

எல்லாச் சோதனையிலும் சரிவு ஒரே அளவு கெடுதல் செய்யாது. இதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பேன். அளவுகோலில் எடைகளைத் தொங்கவிட்டுத் திருப்புத்திறன், அதாவது எடை அளவுகோலைச் சுழற்றும் திறன், பார்க்கும்போது அளவுகோல் 1 டிகிரி சரிந்தால், தாங்குபுள்ளியிலிருந்து எடை தொங்கும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு கொசைன் விகிதத்தில் 0.015 சதவீதம்தான் குறையும். அதுவும் இரு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைவதால் கணக்கு கெடாது. ஆனால் பாதையில் ஓடும் ட்ராலி என்ற சிறு வண்டிக்கு அதே 1 டிகிரி பெரிய விஷயம். அங்கே வேலை செய்வது சைன். உராய்வை விட்டுவிட்டால், சரிவு மட்டுமே வினாடிக்கு வினாடி சுமார் 17 சென்டிமீட்டர் வேகத்தைக் கூட்டிவிடும். 1 மீட்டர் பாதையில் ஒரு முனை வெறும் 1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் முடுக்கத்தில் ஏறக்குறைய 1 செ.மீ./வி² பிழை வரும். இவ்வளவு சின்னச் சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

உராய்வை ஈடுகட்டுவதற்காகப் பாதையை வேண்டுமென்றே சற்றுச் சரித்து வைக்கும் சோதனையும் உண்டு. அங்கே நீளவாக்கில் ரசமட்டம் தேவையில்லை. லேசாகத் தள்ளிவிட்ட வண்டி வேகம் மாறாமல் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். குறுக்குவாக்கில் மட்டும் மட்டம் பாருங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கி ஓரத்தில் உரசும்.

நன்றி, வணக்கம்.