எதைக் காட்டுவது என்பது ஊழியரின் முடிவு

(அமெரிக்காவில் கடையும் நிறுவனமும் நடத்தும் தமிழர்களிடையே ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

மளிகைக்கடை, உணவகம், மென்பொருள் நிறுவனம் என்று பல தொழில் செய்கிறவர்கள் வந்திருக்கிறீர்கள். ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும், ஊழியர் யார், இங்கே வேலை செய்யத் தகுதி உள்ளவரா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் உங்களுக்குப் பழக்கமாகியிருக்கும். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அதை நிரப்பியாக வேண்டும்; இந்த மண்ணிலேயே பிறந்தவருக்கும்தான். முதல் பகுதியை ஊழியர் வேலை தொடங்கும் நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நிரப்ப நமக்கு 3 வேலைநாள் அவகாசம்.

அந்த மூன்று நாளில் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் அநியாயம் நுழைகிறது. கல்லாவில் உட்கார வரும் வெள்ளைக்காரப் பிள்ளை டிரைவிங் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் நீட்டினால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். சமையலுக்கு வந்த மெக்சிகோக்காரர் அதே இரண்டையும் நீட்டினால், "கிரீன் கார்டு எங்கே?" என்கிறோம். நம்ம ஊர்ப் பையன் என்றால் இன்னும் உரிமையோடு, "தம்பி, என்ன விசா? இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு வா" என்கிறோம். பாசத்தோடு கேட்டாலும் அது பாரபட்சம்தான்.

படிவத்தோடு ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள் வருகின்றன. ஏ-யில் உள்ள பாஸ்போர்ட், கிரீன் கார்டு போன்றவற்றில் ஒன்று இருந்தால் போதும். இல்லாவிட்டால், ஆளை அடையாளம் காட்ட பி-யில் ஒன்று, வேலை செய்யும் தகுதியைக் காட்ட சி-யில் ஒன்று. தேர்ந்தெடுப்பவர் ஊழியர். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கூட அதைக் காட்டாமல் லைசென்ஸையும், நிபந்தனை எதுவும் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி கார்டையும் காட்டலாம். பார்வைக்கு உண்மையானதாக இருக்கிறதா, எதிரே நிற்பவருக்கு உரியதா என்று பாருங்கள். அதற்கு மேல் துருவ நாம் குடியேற்ற அதிகாரிகள் இல்லை.

அபராதத்துக்குப் பயந்துதான் கூடுதலாகக் கேட்கிறோம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தகுதியில்லாதவரைத் தெரிந்தே சேர்த்தால் தண்டிக்கும் அதே சட்டம், பிறந்த நாட்டையோ குடியுரிமையையோ பார்த்து அதிக ஆவணம் கேட்பதையும் தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் 180 நாட்களுக்குள் மத்திய அரசின் நீதித்துறையில் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) புகார் கொடுக்கலாம்.

கிரீன் கார்டு காட்டிச் சேர்ந்தவரிடம், அதன் தேதி முடிந்ததும் புதிது கேட்காதீர்கள். காலாவதியாவது அட்டை மட்டுமே. அவருடைய நிரந்தர வசிப்புரிமை அப்படியேதான் இருக்கிறது.

ஐ-9 விவரங்களை அரசுப் பதிவுகளோடு இணையத்தில் ஒப்பிடும் இ-வெரிஃபை முறையைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். விவரம் பொருந்தவில்லை என்று முதலில் வரும் பதில் தற்காலிகமானது. நம் பெயர்களுக்கு இந்தத் தொல்லை எளிதில் வரும். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும்; 'ழ'கரத்தை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்போம். அதனால் ஒருவர் மோசடிக்காரர் ஆகிவிடமாட்டார். அவர் அந்தப் பதிலை மறுக்க விரும்பினால், உரிய அலுவலகத்தை அணுக 8 அரசு வேலைநாட்கள் உண்டு. முடிவு வரும்வரை வேலையை விட்டு நிறுத்தவோ, சம்பளத்தைக் குறைக்கவோ, பயிற்சியைத் தள்ளிப்போடவோ கூடாது. அந்த அறிவிப்பைத் தனியே அழைத்துக் கொடுங்கள். அலுவலகம் போய்வர அரைநாள் விடுப்பும் கொடுங்கள்.