படகு கடலுக்குப் போன ராத்திரி, கையில போன் எதுக்கு?

வணக்கம் அக்கா, தங்கச்சிமாரே. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துலேர்ந்து பேசுறேன், காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க.

மீன்துறையில டோக்கன் வாங்கி விசைப்படகு போயிருச்சுன்னா, காலையில கரைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல தூக்கம் கிடையாது. அந்த நேரத்துலதான் வாட்ஸ்அப் குரூப்புல, இலங்கை நேவி "சிறைபிடிப்பு"ன்னு வீடியோ வரும். ஐ.என்.டி. டி.என். 10-ன்னு படகு நம்பர் தெரியும், மிச்சத்தைப் படிக்க விரலால பெருசாக்குவோம். பாத்தா போன வருசத்து வீடியோ! அதுக்குள்ள நெஞ்சு படபடத்துப் போயிரும். நூறு பொய்க்கு நடுவுல எப்பவாவது ஒரு நிஜ சேதி வருதுல்ல, அதனாலதான் விட முடியல. எப்ப வரும்னு தெரியாததுக்குத்தான் மனசு காத்துக் கிடக்கும்.

போனை அணைக்கச் சொல்ல மாட்டேன். கடல்லேர்ந்து கூப்பிட்டா எடுக்கணும். வீட்டுக்காரர், படகு டிரைவர், ஓனர், கூடப் போன ஒருத்தர் வீடு, இந்த நம்பருக்கு மட்டும் காண்டாக்ட்ல ஸ்டார் போடுங்க. செட்டிங்ஸ்ல "டூ நாட் டிஸ்டர்ப்" போய் அதை ஆன் பண்ணி, கால்னு இருக்கிற இடத்துல ஸ்டார் போட்டவங்களை மட்டும் விடுங்க. "ரிப்பீட் காலர்ஸ்" ஆன்ல இருக்கட்டும். வேற யாராவது அவசரத்துக்கு 15 நிமிசத்துக்குள்ள ரெண்டாவது தடவை அடிச்சா அதுவும் கேக்கும். அப்புறம் நெட்டை ஆஃப் பண்ணுங்க. வாட்ஸ்அப் கால் வராது, அதனால சாதா கால்லயே கூப்பிடச் சொல்லி வைங்க. ரிங் சத்தத்தைக் கூட்டி, அடுத்த ரூம்ல வைங்க. தலகாணிக்கு அடியில வச்சா கை தானா தேடும்.

இப்ப ஜெபமாலையை எடுங்க. செயலியில வேண்டாம், மணியிலதான். யூடியூப்ல நேரலை ஜெபம் போட்டா, முடிஞ்சதும் ஷார்ட்ஸ் வந்து நிக்கும், அங்கேயே ஒரு மணி நேரம் போயிரும். 53 அருள் நிறைந்த மரியே, அவசரப்படாமச் சொன்னா ஏறக்குறைய இருபது நிமிசம். 2001-ல இத்தாலி ஆராய்ச்சியாளருங்க பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க: லத்தீன்ல ஜெபமாலை சொல்றப்பவும் மந்திரம் சொல்றப்பவும் மூச்சு நிமிசத்துக்கு ஆறு தடவை அளவுக்கு இறங்குது, இதயத் துடிப்பும் அந்தத் தாளத்தோட ஒத்துப் போகுதுன்னு. நம்ம பாட்டிமாரு வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னது எவ்வளவு சரி பாருங்க! மனசுக்குள்ள வேகமா ஓட்டினா மூச்சு இறங்காது. கீழக்கரைப் பக்கத்துலேர்ந்து பாக்குற முஸ்லிம் அக்காமாருக்குத் தெரியும், இஷாங்கிற ராத்திரித் தொழுகைக்குப் பிறகு வெட்டிப் பேச்சை நபிகள் விரும்பல. இஷா தொழுத கையோட நெட்டை அணைச்சிருங்க, அதுதான் சரியான நேரம்.

முதல் சில ராத்திரி பாதி மணியில எண்ணிக்கை விட்டுப் போகும், பயமும் வரும். முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துலேர்ந்து போங்க. ஆண்டவர் கணக்குப் பாக்குறவர் இல்ல.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். ரெண்டு வாரமாத் தூக்கமே இல்ல, சோறு இறங்கல, செத்துரலாம்னு தோணுதுன்னா ஜெபத்தோட வைத்தியமும் வேணும். 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடி தர்கா பக்கத்துல சங்கிலியில கட்டிப்போட்டிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில போனாங்க. வேண்டுதலுக்குன்னு கூட்டிட்டு வந்தவங்களுக்கு டாக்டர் கிடைக்காமப் போன கொடுமை அது. மனசுக்கு உதவுற அரசாங்க போன் சேவை டெலி மானஸ், நம்பர் 14416. பகல் ராத்திரி எப்பவும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அந்த நம்பரையும் இப்பவே போன்ல ஏத்தி வைங்க.