தப்பான மரை உள்ள சென்சார் இரண்டு சுற்று கையாலேயே போகும், மூன்றாவதில் இன்ஜின் பிளாக் விரிசல் விடும்!

[திரையில்: இரண்டு டெம்பரேச்சர் சென்சார்கள் அருகருகே]

இரண்டையும் நன்றாகப் பாருங்கள். இரண்டுமே அரைக்கால் (1/8) இன்ச். எது அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி., எது பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி.டி. என்று வெறும் கண்ணால் சொல்லிவிட்டால் கமென்ட்டில் போடுங்கள். நான் நம்பப் போவதில்லை, அது வேறு விஷயம்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி கோணம் என்றார். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி என்றார். பி.எஸ்.பி.டி. முதலாமவர் வழி, என்.பி.டி. இரண்டாமவர் வழி. நம் தலைவலி அங்கே ஆரம்பித்தது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். அரைக்கால் இன்ச் என்றால் 3.175 மி.மீ. இந்த மரை மேல் வெர்னியரை வையுங்கள். கிட்டத்தட்ட 10 மி.மீ. காட்டும்! பெயர் அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை ஒட்டி வைத்தது. மரையை வெட்டுவதோ குழாயின் வெளிப்பக்கம். சென்சாரில் எங்கே தேடினாலும் அந்த அரைக்கால் இன்ச் கிடைக்காது.

இன்னும் கேளுங்கள். என்.பி.டி. விட்டம் 10.29 மி.மீ., இன்ச்சுக்கு 27 மரை. பி.எஸ்.பி.டி. 9.73 மி.மீ., 28 மரை. இவற்றுக்கு நடுவில் ஐரோப்பிய கார்களின் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை) வேறு உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு மரை வித்தியாசம், அதற்கு இவ்வளவு அழிச்சாட்டியம்!

தனியாக விற்கும் கேஜ்களோடு (சூட்டைக் காட்டும் மீட்டர்கள்) வரும் சென்சார் பெரும்பாலும் என்.பி.டி. ஜப்பான் இன்ஜின்களில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் ஓட்டை பெரும்பாலும் பி.எஸ்.பி.டி. ஆயில் சூட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கை வைப்பதும் அங்கேதான். இரண்டுமே டேப்பர் மரை, அதாவது நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் மரை. போகப் போக இறுகுவதுதான் அதன் குணம். அதனால் தப்பான மரை இறுகும்போதும் 'ஆகா, நன்றாகப் பிடிக்கிறது' என்று தோன்றும். உடனே ஸ்பேனர் வரும். சென்சார் ஆப்பு மாதிரி இறங்கும். ஒன்று மரை சீவும், இல்லையென்றால் பிளாக்கின் அலுமினியம் விரிசல் விடும்.

அரை இன்ச்சில் கதை இன்னும் மோசம். அங்கே இரண்டுக்குமே 14 மரை. மறுப்பே சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து, பிறகு சொட்டும்.

எனவே பழைய சென்சாரைக் கழற்றி விட்டத்தையும் அளந்து, மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜும் வைத்துப் பாருங்கள். சரிவில்லாத நேர் மரையா? அதில் கசிவை அடைப்பது வாஷர்.

'கசியாமலிருக்க மரை மேல் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டால் போச்சு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெடும். இந்தச் சென்சார்களில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்; எர்த் கெட்டால் ரெசிஸ்டன்ஸ் கூடும். அதாவது இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், கேஜ் 'ஜில்' என்று காட்டும். என்னைக் கேட்டால் ஒழுகுவதைவிட இதுதான் பயங்கரம்.

வெளியே பி.எஸ்.பி.டி., உள்ளே என்.பி.டி. உள்ள அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது நீளத்தையும் பாருங்கள். சென்சாரின் முனை அடாப்டருக்குள்ளேயே நின்றுவிட்டால், ஓடுகிற ஆயிலோ கூலன்ட்டோ அதைத் தொடவே தொடாது.