சீட்டில் எழுதாத நோய்

நேயர்களுக்கு வணக்கம். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கண் முகாம்களில் 30 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். மதுரைக்காரர்களுக்குக் கண் முகாம் புதிதல்ல. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்கக் கூகுள் ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்கியபோது, அந்த மருத்துவமனையின் படங்களும் அதற்குப் பாடமாகப் போயின. இந்தக் கருவிகள் வேண்டும் என்பவள்தான் நான். மருத்துவர் வராத ஊருக்கும் கேமரா வந்துவிடும்.

ஆனால் ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியவில்லை. முகாமில் கொடுத்த சீட்டைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "பாதிப்பு இல்லை" என்று இருந்தது. "மிஷினே சொல்லிவிட்டது தாயி, கண்ணில் ஒன்றும் இல்லையாம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பியவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். சற்றுமுன் உள்ளே வரும்போதும் அதே பக்கம்தான் இடித்தார். "ஆத்தா, நாளைக்கே டாக்டரிடம் போவோம்" என்றேன். டாக்டர் பார்த்தபோது தெரிந்தது: கண் நீர் அழுத்த நோய், முற்றிய நிலை. பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. சர்க்கரையால் பாதிப்பு உண்டா என்ற ஒரே கேள்விக்கு, இல்லை என்று சரியாகச் சொன்னது. மற்ற நோயை அது பார்க்கவே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பார்க்கவே இல்லை. அதைப் பாட்டிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் கருவிக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தபோது, சர்க்கரை விழித்திரைப் பாதிப்புக்கு மட்டும் என்று வரையறுத்தது. அந்த "மட்டும்" நம் ஊர்ச் சீட்டிலும் தமிழில், பெரிய எழுத்தில் வர வேண்டும். கீழே, பொறுப்பேற்கும் ஒரு மனிதரின் பெயரும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகள் மனித மேற்பார்வையையும் பொறுப்பையும் வலியுறுத்துகின்றன. ஆனால் அவை வழிகாட்டுதல்களே. விதியாக்கிக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நம் கண் படங்கள் யார் கைக்குப் போகின்றன என்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் தாளைத் தமிழிலும் பெறும் வாய்ப்பு உங்களுக்கு வேண்டும் என்கிறது. கைநாட்டு வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். வணக்கம்.