எப்போது மாறிப் போவீர்கள், சேர்?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலையும் ஊரையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டவர் என்ற முறையில் பேச வாருங்கள் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அழைத்தார். தொழிலை நான் விட்டது உண்மை, ஊரை விட வைத்தது கல்யாணம் என்றேன். சிரித்தார். அவர் மட்டக்களப்புக்காரர், விளக்கம் தேவைப்படவில்லை. வெளி மாவட்டங்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இறங்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவன். மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் பயமுறுத்துவார்கள். மந்திரம், மருந்து என்றெல்லாம் கதை வரும். பெரியகல்லாற்றில் மாமியார் வைத்த வாவி மீன் குழம்பையும் சட்டித் தயிரையும் சாப்பிட்ட பிறகு, மந்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை என்று தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் கொழும்பில்தான் வேலை. ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் அப்போது ஒன்பதாவது வருடம். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடியற்காலை கல்லாற்றில் இறங்கி, ஞாயிறு இரவு மறுபடியும் பஸ். மகளுக்கு ஒரு வயதானபோது என்னைக் கண்டு அழத் தொடங்கினாள். வாரத்தில் ஒன்றரை நாள் மட்டும் வரும் ஆளைப் பிள்ளை விருந்தாளியாகத்தானே பார்க்கும். மாகாணத்தில் பட்டதாரி ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது மனைவிதான் பத்திரிகை விளம்பரத்தை வெட்டி எடுத்து வைத்தாள். கற்பித்தல் என் சிறுவயதுக் கனவு என்று இந்த இடத்தில் சொன்னால் உரைக்கு அழகாக இருக்கும். அப்படி ஒரு கனவும் இருந்ததில்லை. வீட்டில் தூங்க வேண்டும் என்பதுதான் ஆசை.

போட்டிப் பரீட்சை எழுதினேன், நேர்முகத் தேர்வுக்குப் போனேன், நியமனக் கடிதம் வந்தது. வணிகக்கல்வி ஆசிரியர், பாடசாலை மண்டூருக்கும் அப்பால், அதிகஷ்டப் பிரதேசம். கையில் வரும் சம்பளம் பாதிக்குக் கீழே இறங்கியது. பழைய அலுவலக நண்பர் ஒருவர், "மூளை குழம்பிவிட்டதா?" என்று கேட்டார். மாமனார் மட்டும், "அரசாங்க வேலை மகன், ஓய்வூதியம் இருக்கிறது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மட்டக்களப்பை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை, சூரியன் படும் கரை. நான் குடியிருப்பது எழுவான்கரையில், கற்பிப்பது படுவான்கரையில். இடையில் குருமண்வெளித் துறை. அங்கே ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். முதல் நாள், "பாதை போய்விட்டது, அடுத்த பாதைக்கு நில்லுங்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடப்பதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. மாரியில் காற்றும் மழையும் பிடித்தால் பாதை ஓடாது. அப்போது பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றி, வெல்லாவெளிப் பக்கமாக நனைந்துகொண்டு போக வேண்டும். வழியில் யானை நின்றால் அது போகும்வரை நாமும் நிற்க வேண்டும். ஏழரைக்குப் பின் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். யானையைக் காரணமாக எழுத அதில் இடமில்லை.

அதிபர் என்னை அன்போடு வரவேற்றார். நியமனக் கடிதத்தில் இருந்தது வணிகக்கல்வி. கையில் தந்த நேரசூசியில் இருந்தது கணிதம், ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை. "கணக்குப் பிரிவில் இருந்தவர்தானே" என்றார். கணக்கும் கணிதமும் ஒன்றல்ல என்று விளக்க வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் முதல் பாடம். பெயரை எழுதி, ஊரைச் சொல்லி, ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"எப்போது மாறிப் போவீர்கள், சேர்?"

குறும்பு என்று நினைத்து முகத்தைக் கடுமையாக்கினேன். அவன் முகத்தில் குறும்பு இல்லை. எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நின்றான். மூன்று வருடத்தில் நான் அவர்களுக்கு நான்காவது கணித ஆசிரியர். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்தால் இடமாற்றம் கேட்பது ஆசிரியரின் உரிமை. அவர்களுக்கும் வீட்டில் என்னைப்போல ஒரு மகள் இருந்திருப்பாள். ஆனால் ஒவ்வொருவரும் பின்னத்தில் தொடங்கி, அட்சரகணிதத்தின் வாசலில் பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வகுப்பு பின்னத்தை மட்டும் மூன்று முறை படித்திருந்தது.

முதல் வருடம் நான் கற்பித்ததைக் கற்பித்தல் என்று சொல்லக் கூசுகிறது. அலுவலகக் கூட்டத்தில் முகாமையாளருக்கு விளக்குவதுபோல வேகமாகச் சொல்லிவிட்டு, விளங்கியதா என்பேன். விளங்கியது சேர் என்று முப்பது குரல் வரும். நானும் நம்பிவிடுவேன். அரையாண்டுத் தாள்களைத் திருத்தியபோதுதான் அந்த முப்பது குரலும் மரியாதைக்கு வந்தவை என்று புரிந்தது. முதல் பாடவேளையில் தூங்கும் பையனை ஒரு மாதம் திட்டிக்கொண்டே இருந்தேன். இரவு முழுக்கத் தகப்பனோடு வயல் காவலில் இருந்து யானை வெடி போட்டுவிட்டு வருகிறான் என்று சிற்றுண்டிச்சாலை அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வார இறுதிகளில் படித்தேன். வகுப்பறை முகாமைத்துவம் பற்றி நல்ல விரிவுரைகள் கேட்டேன். யானை வெடி பாடத்திட்டத்தில் இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. வானொலியில் கணக்குச் சொல்வது முட்டாள்தனம் என்று தெரியும். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம், பதினோராம் வகுப்பில் வட்டிப் பாடம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் முறை. பாடப்புத்தகத்தில் ஒருவர் தவணைக்குக் குளிர்சாதனப்பெட்டி வாங்குகிறார். வகுப்பு உயிரில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு மாணவி நான்காக மடித்த ஓர் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அம்மா எடுத்த நுண்கடன். ஐம்பதாயிரம் ரூபாய், வாரம் 1,250 வீதம் 52 வாரம். "இதற்கு வட்டி முப்பது வீதம் என்று சொல்கிறார்கள், சரிதானா சேர்?"

அட்டையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. நிறுவனம் வேறு. ஆனால் நிரல்களும், வாரக் கட்டங்களும், கையொப்பம் வைக்கும் இடமும் எனக்குப் பழக்கமானவை. இப்படிப்பட்ட அட்டவணைகள் ஒன்பது வருடம் என் கணினியிலிருந்தும் போயிருக்கின்றன. பணம் திரட்டப் போகும் பையன்கள் அவற்றை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார்கள். எந்த ஊருக்கு, யார் வீட்டு வாசலுக்கு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. என் திரையில் அவர்கள் எல்லோரும் இலக்கங்கள்.

கரும்பலகையில் எழுதினோம். மொத்தம் கட்டுவது 65,000. வட்டி 15,000. பதினைந்தை ஐம்பதால் வகுத்தால் முப்பது வீதம், சரிதான் என்றது வகுப்பு. பொறுங்கள் என்றேன். வருடம் முழுக்க அம்மாவின் கையில் ஐம்பதாயிரம் இருந்ததா? இல்லை, முதல் வாரமே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டார். பாதி வருடத்தில் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது, வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடுகிறது. ஒரு தவணைக்குரிய முதல் ஒரு மாதம் கையில் இருப்பதைப் புத்தகம் ஒரு மாத அலகு என்கிறது. அதை வார அலகாக மாற்றினோம். 52 ஐ 53 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 1,378 அலகு. 15,000 ஐ அதனால் வகுத்து, ஒரு வார முதலோடு ஒப்பிட்டு, வருடத்துக்குப் பெருக்கினோம். கிட்டத்தட்ட 59 வீதம் வந்தது.

யாரும் பேசவில்லை. பின்னால் இருந்த பையன்தான், "மறுபடி ஒருமுறை செய்து காட்டுங்கள் சேர்" என்றான். அது ஒரு நாளும் கை தூக்காத பையன்.

அடுத்த வாரம் ஒன்பது அட்டைகள் வந்தன. தாய்மார் நான்கு பேர் பாடசாலை முடியும் நேரத்தில் மாமர நிழலில் வந்து நின்றார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தள்ளுபடி ஒரு தரம் வரும். அடுத்த அட்டையை வாங்குவதற்கு முன் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். நான் முன்பு என்ன வேலை செய்தேன் என்று அந்தத் தாய்மாரிடம் சொன்னேன். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ உங்களுக்குத்தான் மருமகன் இதன் குறுக்கு வழியெல்லாம் தெரிந்திருக்கும், இருந்து விவரமாகச் சொல்லுங்கள்" என்றாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மருமகன் என்றேனே, இங்கே எனக்கு அதுதான் பெயர். யார், எந்த ஊர் என்று கேட்பார்கள். பருத்தித்துறைப் பக்கம் என்றால் தலையாட்டிவிட்டு நிற்பார்கள். கல்லாற்றில் இன்னாருடைய மருமகன் என்றதும் பாய் விரிப்பார்கள். பட்டமும் நியமனக் கடிதமும் திறக்காத கதவை மாமனாரின் பெயர் திறந்தது. இதை வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

வடக்கிலிருந்து கிழக்குக்கு வந்தவன் என்று என்னை யாராவது பெருமைப்படுத்தினால் எனக்குக் கிழக்கிலுள்ள காரைதீவுதான் நினைவுக்கு வரும். அங்கே 1892 இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்து சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானம் கற்பிக்க எங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போனவர். மானிப்பாயில் அதிபராக இருந்தார். துறவு பூண்டார், கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார், பிறகு தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்கும் கொழும்புக்கும் போனார். தொழிலும் இடமும் மாறியவர்களின் கணக்கில் நாங்கள் எல்லாம் சில்லறை.

நீண்ட காலம் தங்குபவர்தான் நல்ல ஆசிரியர் என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் நான் வீறாப்பாகப் பேசினேன். மூத்த ஆசிரியை ஒருவர் குறிப்பு எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்: "ஓல்ட் பாதிரியார் எத்தனை வருடம் இருந்தார் தம்பி?" வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டே இங்கே இறந்துபோனார், ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நகரில் இன்றும் மணி அடிக்கிறது. பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை யோசிக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு ஆசிரியராக வர யோசிக்கும் நேயர்கள் இருந்தால், வயதெல்லையை முதலில் பாருங்கள், விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். சம்பளக் கணக்கை வீட்டாரோடு உட்கார்ந்து போடுங்கள். பழைய தொழிலில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தது முதல் வருடம் எதற்கும் உதவாது. பிறகு, நீங்கள் எதிர்பாராத ஒரு நாளில், நீங்கள் மறைக்க விரும்பும் பகுதிதான் உதவும். வேறு ஆலோசனை எனக்குத் தெரியாது.

எனக்குக் கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் போன வருடமே முடிந்துவிட்டது. கல்லாற்றுக்குப் பக்கத்தில் மாறி வரலாமே என்று மனைவி கேட்கிறாள். கேட்பது நியாயம். மகள் வருகிற தையில் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள், காலையில் அவளைக் கூட்டிப் போக ஆள் வேண்டும். இடமாற்றப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், கையொப்பம் மட்டும் போடவில்லை. இந்த வருடப் பத்தாம் வகுப்பு இன்னும் அட்சரகணிதத்தைத் தாண்டவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நாளை திங்கட்கிழமை, ஆறேகால் பாதைக்கு நான் துறையில் நிற்க வேண்டும். வணக்கம்.