நான் யார் என்று கேட்கும் பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்வித்துறைப் பெருமக்களே, பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்த அன்புமொழிகளுக்கு நன்றியுடையேன்.

வளர்ப்போரின் அரவணைப்பு, இல்லத்துச் சூழல், மூத்தோர் சொல்லும் குடும்பக் கதைகள் ஆகிய மூன்றும் ஒரு குழந்தையின் தன்னடையாளத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே இன்றைய பொருள். 'மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்' என்பது நான் மேடைதோறும் சொல்லிவரும் பழமொழி. இளையோர் கேட்க வேண்டும் என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். மூத்தோர் வாய்திறந்து சொல்லவும் வேண்டும்.

'நான் யார்' என்னும் தேடலே வளரிளம் பருவத்தின் தலையாய போராட்டம் என்று கண்ட உளவியலாளர் எரிக் எரிக்சனின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அவர் 1902இல் ஜெர்மனியில் பிறந்தார். 1905இல் தாய் மணந்துகொண்ட குழந்தை மருத்துவர் ஹோம்பர்கரையே பெற்ற தந்தை என்று சொல்லி அவரை வளர்த்தார்கள். பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்களுமாக நின்ற அச்சிறுவனை யூத ஆலயத்துப் பிள்ளைகள் வேற்றினத்தான் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளோ யூதன் என்று ஒதுக்கினார்கள். இரண்டு இடத்திலும் அயலானாக நின்ற பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அல்லவா? 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்னும் புதிய குடும்பப் பெயரை அவர் தாமே சூட்டிக்கொண்டார். 1994இல் மறையும் வரை, பெற்ற தந்தை யார் என்பதை அவர் அறியவே இல்லை. அன்பினால்தான் மறைத்தார்கள் என்றே நம்புகிறேன். ஆயினும் முதுநெல்லியின் கசப்புக்கு அஞ்சி அதை ஊட்டாமல் விட்டார்கள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் ஆகிய உளவியலாளர்கள், பெற்றோர் எவ்வாறு சந்தித்தனர், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தனர் என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். குடும்பக் கதையை நன்கறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கையில் என்னும் உணர்வும் மிகுந்திருந்தன. வென்ற கதையோடு வீழ்ந்து எழுந்த கதையையும் கேட்ட பிள்ளையே உறுதி பெறுகிறது என்பது அவர்கள் கருத்து. அரவணைப்பையும் இல்லத்துச் சூழலையும் பற்றி அடுத்துப் பேசவிருக்கும் பெருமக்கள் விளக்குவார்கள்.

பெயர், குடும்ப உறவு உள்ளிட்ட தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை 8ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே, ஒவ்வொரு பள்ளியிலும் வாரந்தோறும் ஒரு மணி நேரம் தாத்தா பாட்டியரை அழைத்துக் கதை சொல்லவைக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை இந்த அவையிலேயே நிறைவேற்றித் தருமாறு தலைவர் அவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.